டெர்மினலில் தொலையும் ஊர்ப் பெயர்

வாடிப்பட்டி வட்டத்து ஊர்களைப் பற்றி, ஊருக்கொரு கோப்பாக ஒருவர் தகவல் திரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கோப்புப் பெயர்களும் தமிழில்தான்: வாடிப்பட்டி, சோழவந்தான், அலங்காநல்லூர். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார்கள் என்ற கணக்கை வைத்துக்கொள்ள, லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய ‘கிட்’ இருக்கிறது. விஎஸ் கோடு எடிட்டரின் பக்கப் பட்டையில் பார்த்தால், திருத்திய கோப்பு ‘வாடிப்பட்டி’ என்றே தெரியும். டெர்மினலில் ‘கிட் ஸ்டேட்டஸ்’ என்று கேட்டால் அந்தப் பெயரைக் காணோம். அது இருக்க வேண்டிய இடத்தில் சாய்கோடும் மூன்றிலக்க எண்ணுமாக 33 துண்டுகள் நிற்கும். முதல் மூன்று: 340, 256, 265. அதுதான் ‘வ’.

கோப்பு கெட்டுவிடவில்லை. யூனிகோடில் ‘வாடிப்பட்டி’ என்பது 11 குறிகள்; புள்ளிக்கும் துணைக்கால், கொம்பு வகைகளுக்கும் தனிக் குறி உண்டு. யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட். ஆங்கில எழுத்துக்கு அப்பாற்பட்ட பைட்டுகளைத் திரையில் எண்களாக எழுதுவது கிட்டின் இயல்பு. விஎஸ் கோடின் செருகுநிரலும் அதே கிட்டைத்தான் கேட்கிறது. ஆனால் ‘-இசட்’ என்ற தெரிவைச் சேர்த்துக் கேட்பதால், பெயர் உள்ளபடியே கிடைக்கிறது. ‘கோர்.குவோட்பாத்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ ஆக்கினால் டெர்மினலும் தமிழிலேயே காட்டும். தமிழில் கோப்புப் பெயர் வைக்கும் எவரும் முதலில் செய்ய வேண்டிய வேலை இது.

எல்லாச் செருகுநிரல்களும் கிட்டையே கேட்பதில்லை. விம் எடிட்டரின் ஃபியுஜிட்டிவ், ஈமாக்ஸின் மேஜிட் இரண்டும் கேட்கின்றன. எக்லிப்ஸின் ஈகிட்டோ, கிட்டை ஜாவாவில் புதிதாக எழுதிய ஜேகிட்டை நம்பியிருக்கிறது. அப்படி எழுதுகிறவர்கள் கிட்டின் ஒவ்வொரு அமைப்பையும் ஒவ்வொரு விதிவிலக்கையும் தாங்களே மறுபடி செய்தாக வேண்டும். ஒன்று விட்டுப்போனாலும் எடிட்டர் ஒன்று சொல்லும், டெர்மினல் வேறு சொல்லும். மைக்ரோசாஃப்டின் விஷுவல் ஸ்டுடியோகூட லிப்கிட்2 நூலகத்தை விட்டு, 2017 பதிப்பில் கிட் நிரலையே அழைக்கத் தொடங்கியது. சரியான முடிவு என்றே நினைக்கிறேன்.

விதிவிலக்கு என்றால் எப்படிப்பட்டது? சோழவந்தானையே எடுத்துக்கொள்ளலாம். ‘சோ’வில் உள்ள ஓகாரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் துணைக்காலுமாக இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று. பைட் கணக்கில் ஒன்று 30, மற்றொன்று 33. மேக் கணினிகளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை, பெயரைப் பிரித்தே சேமித்தது. அந்தப் பெயர் அப்படியே பதிவாகி, லினக்ஸில் சேர்த்து எழுதிய பெயரோடு சந்தித்தால், ஒரே களஞ்சியத்தில் இரண்டு சோழவந்தான்கள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். 2012-இல் கிட் இதற்காக ‘கோர்.பிரீகம்போஸ்யூனிகோட்’ அமைப்பைக் கொண்டுவந்தது. மேக்கில் அது பிரிந்த குறிகளைச் சேர்த்துப் படிக்கும். கிட்டை அழைக்கும் செருகுநிரலுக்கு இந்தத் திருத்தம் தானாகவே கிடைத்துவிடும். தனியாக எழுதியவர்கள் இதையும் தனியாக எழுத வேண்டும். வாடிப்பட்டிக்கு இந்தச் சிக்கலே இல்லை. அந்தப் பெயரில் ஒகர, ஓகார, ஔகாரக் குறிகள் கிடையாது.