கட்டடம் காண வந்த மாணவர்கள்

நம் சங்கக் கிடங்கு எழும் இடத்தைப் பார்வையிட பாலிடெக்னிக் மாணவர்கள் வந்திருந்தனர். தலைக்கவசம் இல்லாத இருவரை மேஸ்திரி வாசலிலேயே நிறுத்திவிட்டார். சரியான செயல்!

தளத்துக்குப் போகும் கலவையில் கொஞ்சம் எடுத்து, 15 செ.மீ. கனசதுர அச்சுகளில் நிரப்பினர். கட்டிகளைத் தண்ணீரில் ஊறவைத்து, 7-ஆம் நாளும் 28-ஆம் நாளும் இயந்திரத்தில் நசுக்கிப் பலம் பார்ப்பார்களாம். சிமெண்ட் மூட்டைகள் பலகைமேல், சுவரை ஒட்டாமல், வந்த தேதி வரிசையில் இருந்தன. பருப்பு மூட்டைக்கு நாம் செய்வதேதான்.

2014-இல் சென்னை மவுலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் மாண்டதை ஒரு மாணவி நினைவூட்டினார்.

கடை கட்டும் அன்பர்கள் சதுர அடி விலையோடு பேச்சை முடிக்காமல், மண் பரிசோதனை, கலவைச் சோதனை இரண்டுக்கும் சீட்டு கேளுங்கள். நம் கிடங்கின் 28-ஆம் நாள் சீட்டு வந்ததும் சங்க அலுவலகப் பலகையில் ஒட்டப்படும்.