கம்பைலர் பிழை சொல்லும் விதம்

உயர்தரத்தில் தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் படிக்கும் நமது பிள்ளைகள் பைதன் மொழியில் செய்நிரல் எழுதப் பழகுகிறார்கள். எழுதியதை இயக்கிப் பார்த்தால் பெரும்பாலும் முதலில் வருவது விடை அல்ல, ஒரு பிழைச் செய்தி. ஆங்கிலத்தில் மூன்று நாலு வரி. "சேர், இது என்னமோ சொல்லுது, ஒண்டும் விளங்குதில்ல" என்பார்கள். வகுப்பில் என்றால் ஆசிரியர் வந்து பார்ப்பார். இரவில் வீட்டில் தனியே இருந்து பழகுகிற பிள்ளைக்கு அந்தச் செய்திதான் ஆசிரியர். அது எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் பிள்ளை தொடர்வதும் கைவிடுவதும். ஆகவே இதைச் சின்ன விஷயமாக நான் எண்ணுவதில்லை.

விடயம் புதியவர்களுக்காக ஒரு வார்த்தை. நாம் எழுதுவது மனிதர் வாசிக்கக்கூடிய எழுத்து. அதை இயந்திரம் இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றித் தருவது கம்பைலர். பெரிய மென்பொருளில் நூற்றுக்கணக்கான கோப்புகள் இருக்கும். எதை முதலில் மாற்றுவது, எதை எதோடு இணைப்பது என்று பார்த்து முழுவதையும் கட்டி முடிப்பதைத் தொழிலில் 'பில்ட்' என்பார்கள். இதில் எந்தப் படியில் தடங்கல் வந்தாலும் ஒரு செய்தி வரும். அந்தச் செய்தியை இயந்திரம் எழுதவில்லை. நம் கோப்பை ஒருநாளும் காணாத ஒருவர், எப்போதோ, இப்படி ஒரு தடங்கல் வரலாம் என்று எண்ணி எழுதி வைத்தது அது.

பிழை இல்லாத வரியைக் காட்டிப் 'பிழை' என்று சொல்வது பழைய செய்திகளின் பெரிய குறை. இதற்குக் காரணம் உண்டு. கம்பைலர் நம்மைப் போல் பக்கத்தை முழுதாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சொல்லாக வாசித்துக்கொண்டு போகும். ஐந்தாம் வரியில் ஒரு சுருள் அடைப்பைத் திறந்து மூட மறந்தால், அடுத்த வரியும் அந்த அடைப்புக்குள்ளேதான் இருக்கிறது என்று அது எண்ணிக்கொள்ளும். இனிமேல் எந்த வகையிலும் பொருள் கொள்ள முடியாது என்ற இடத்தில்தான் நிற்கும். அது ஆறாம் வரியாக இருக்கும். பழைய பைதன் அந்த ஆறாம் வரியைக் காட்டி 'இலக்கணம் செல்லாது' என்று மட்டும் சொல்லும். பிள்ளை ஆறாம் வரியைப் பத்துத் தரம் பார்த்தாலும் அதில் ஒன்றும் இருக்காது. 2021 ஒக்டோபரில் வந்த பைதன் 3.10 இதே இடத்தில் ஐந்தாம் வரியைக் காட்டி, 'இந்தச் சுருள் அடைப்பு மூடப்படவேயில்லை' என்கிறது. திறந்த அடைப்புகளின் கணக்கை வைத்திருந்து, நின்ற இடத்தைச் சொல்லாமல் பிழை தொடங்கிய இடத்தைச் சொல்வதுதான் இதிலுள்ள வித்தை. சீ மொழிக்கான ஜிசிசி கம்பைலரும் அரைப்புள்ளி விடுபட்டால் அடுத்த வரியைத்தான் காட்டிக்கொண்டிருந்தது. 2018இல் வந்த 8ஆம் பதிப்பில்தான் முந்தைய வரியின் முடிவைக் காட்டி 'இங்கே போடு' என்று சொல்லப் பழகியது.

ஓதப்பள்ளியில் நாம் இரண்டு விதமான லெப்பைமாரையும் கண்டிருக்கிறோம். பிள்ளை 'ஹா'வைப் பிழையாக மொழிந்தால் பிரம்பைத் தட்டி "பிழை, திரும்ப ஓது" என்பவர் ஒருவர். தொண்டையின் எந்த இடத்திலிருந்து அந்த ஓசை வரவேண்டும் என்று மக்ரஜைக் காட்டித் தருபவர் மற்றவர். கம்பைலர்கள் நெடுங்காலம் முதலாமவரைப் போலவே இருந்தன.

பில்ட் கருவிகளில் மூத்ததான 'மேக்' இதற்கு நல்ல சாட்சி. அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் 1976இல் ஸ்டுவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. 2003இல் அதற்காக ஏசிஎம் விருதும் கிடைத்தது. அந்தக் கருவிக்கு எழுதிக் கொடுக்கும் கட்டளை வரிகள் டேப் விசையால் தொடங்க வேண்டும். இடைவெளி விசையால் தொடங்கினால் ஏற்காது. திரையில் பார்த்தால் இரண்டும் ஒரே வெற்றிடம்தான். இடைவெளி விட்டவருக்குக் கிடைத்த செய்தி: 'பிரிப்பானைக் காணவில்லை. நிறுத்தம்.' என்ன பிரிப்பான்? எங்கே? கண்ணுக்குத் தெரியாத ஒன்றைக் காணவில்லை என்று சொன்னால் யாருக்கு விளங்கும்? இந்த டேப் விதியை ஏன் அப்போதே மாற்றவில்லை என்பதற்கு ஃபெல்ட்மன் சொன்ன காரணம், அதற்குள் பத்துப் பன்னிரண்டு பேர், பெரும்பாலும் நண்பர்கள், அதை உபயோகிக்கத் தொடங்கிவிட்டார்கள், அவர்களுடைய வேலையைக் குழப்ப விரும்பவில்லை என்பது! அந்தப் பன்னிரண்டு பேருக்காக எத்தனை தலைமுறை மண்டையை உடைத்துக்கொண்டது என்று எண்ணிப் பாருங்கள்.

விதியை மாற்ற முடியாது, ஆனால் செய்தியை மாற்றலாம். குனூ அமைப்பின் 'மேக்' பதிப்பில் அதைச் செய்தார்கள். வரி எட்டு இடைவெளிகளோடு தொடங்கினால் அதே செய்தியோடு, 'எட்டு இடைவெளிக்குப் பதிலாக டேப் போட எண்ணினீர்களா?' என்று ஒரு கேள்வியும் வரும். அந்த இடத்தில், இந்தப் பொதுவான தவறு விஷயத்தில் தந்தக் கோபுரத்தில் ஏறி நிற்கத் தேவையில்லை என்ற கருத்தில் ஒரு குறிப்பையும் செய்நிரலாளர் எழுதி வைத்திருக்கிறார். நல்ல மனம்தான். ஆனால் நான்கு இடைவெளி விட்டவருக்கு இந்த உதவி கிடைக்காது. அவருக்குப் பழைய செய்திதான்.

ஒரே பிழைக்கு நாற்பது செய்தி வருவது இன்னொரு தொல்லை. இது துளை அட்டைக் காலத்து மிச்சம். அட்டைகளைக் கணினி நிலையத்தில் கொடுத்துவிட்டு, விடைக்கு மணிக்கணக்கில், சில இடங்களில் மறுநாள் வரை காத்திருக்க வேண்டும். அப்படிப்பட்ட காலத்தில் ஒரு பிழையோடு நிற்பது கொடுமை. முடிந்தவரை எல்லாப் பிழையையும் ஒரேயடியாகச் சொல்ல வேண்டும். ஆனால் முதல் பிழையில் குழம்பிய கம்பைலர் அதன் பிறகு சொல்வதில் பாதி, அதன் குழப்பத்தின் விளைவு. 1983இல் வந்த டேர்போ பஸ்கால் துணிந்து வேறு வழியில் போனது: முதல் பிழையில் நின்று, கர்சரையும் அதே இடத்தில் கொண்டுபோய் வைத்தது. திருத்தி உடனே திரும்ப ஓட்டலாம் என்றால் நாற்பது எதற்கு?

இதில் என்னைச் சிந்திக்க வைக்கும் ஒரு வகைச் செய்தி உண்டு. சீ மொழியில் ஒரு கோப்பு இன்னொன்றை உள்ளே அழைக்கும். அது மற்றொன்றை அழைக்கும். அடியில் கிடக்கும் கோப்பில் பிழை வந்தால் ஜிசிசி முதலில் வந்த வழியைச் சொல்லும்: இது இன்ன கோப்பின் 3ஆம் வரியிலிருந்து, அது இன்ன கோப்பின் 12ஆம் வரியிலிருந்து என்று. பார்த்தால் ஹதீஸின் இஸ்னாத் போலவே இருக்கும். ஒப்புமையை நீட்டக் கூடாது. நான் சொல்ல வருவது வேற்றுமையை. முஹத்திஸ்கள் அறிவிப்பாளர் வரிசையைப் பாதுகாத்ததோடு நின்றுவிடவில்லை. ரிஜால் கலையை வளர்த்து, ஒவ்வொருவரையும் ஆராய்ந்து, எந்தக் கண்ணி பலவீனமானது என்றும் சொன்னார்கள். கம்பைலர் வரிசையை ஒப்புவித்துவிட்டுக் கையைக் கட்டிக்கொள்ளும். சீ பிளஸ் பிளஸ் டெம்ப்ளேட் பிழைகளில் இந்த வரிசை பக்கக்கணக்கில் நீளும்; அதற்குள் நாம் எழுதிய ஒரு வரி எங்கே என்று நாமே துழாவ வேண்டும்.

செய்தியின் தொனியும் முக்கியம். மேரிலண்ட் பல்கலைக்கழகத்தின் பென் ஷ்னைடர்மன் 1982இலேயே இதை எழுதினார்: 'ஃபேட்டல்', 'இல்லீகல்' போன்ற சொற்களைக் கணினிச் செய்திகளிலிருந்து நீக்குங்கள், பயனரைக் குற்றவாளி ஆக்காதீர்கள் என்று. இல்லீகல் என்றால் சட்டவிரோதம். காற்புள்ளி விட்ட பிள்ளை எந்தச் சட்டத்தை மீறியது? அவர் சொன்னதை மொழிகளை ஆக்கியோர் மனதில் எடுக்க முப்பது வருடத்துக்கு மேல் பிடித்தது. 2015இல் 'எல்ம்' என்ற சிறிய மொழி தன் செய்திகளை முற்றாகத் திருத்தி எழுதியது. அதன் கம்பைலர் 'நான்' என்று பேசும்: 'இந்தப் பெயரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை' என்று. குறை தன்னுடையது போல் சொல்கிற அந்த அதபு எனக்குப் பிடிக்கும். அதைப் பார்த்து 'ரஸ்ட்' மொழியினர் 2016இல் தங்கள் செய்திகளை மாற்றினார்கள். ரஸ்ட்டில் ஒரு பொருளை இன்னொரு இடத்துக்குக் கையளித்தால் பிறகு அதைத் தொட முடியாது. விற்ற மாட்டில் பால் கறக்க முடியாததைப் போல. அப்படித் தொட்டுவிட்டால் செய்தி மூன்று இடங்களை அடையாளமிட்டுக் காட்டும்: பொருள் உண்டான வரி, கைமாறிய வரி, மீண்டும் தொட்ட வரி. கூடவே ஓர் இலக்கம். அந்த இலக்கத்தைக் கொடுத்துக் கேட்டால் உதாரணத்தோடு விளக்கக் கட்டுரையே வரும்.

உதவி செய்யப் போய் உபத்திரவம் ஆவதும் உண்டு. 'இதையா சொன்னீர்கள்?' என்று கேட்கும் செய்திகள், நாம் எழுதிய பெயரிலிருந்து இன்னொரு பெயருக்குப் போக எத்தனை எழுத்தை மாற்ற வேண்டும் என்று எண்ணிப் பார்க்கின்றன. இந்தக் கணக்கு 1965இல் சோவியத் கணிதவியலாளர் லெவன்ஷ்டைன் வகுத்தது. எழுத்து நெருக்கம் கருத்து நெருக்கம் ஆகாது. ஆகவே ஊகத்தைக் கேள்வியாகக் கேட்பதும், தெரிந்ததை மட்டும் கூற்றாகச் சொல்வதும்தான் நேர்மை. உறுதியாகச் சொல்லப்பட்ட பிழையான ஆலோசனையை விட 'இலக்கணம் செல்லாது' மேல்.

தமிழில் வந்தால் போதாதா என்று கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். மொழிபெயர்க்க வசதி உண்டு. ஜிசிசி போன்ற கருவிகளின் செய்திகள் வேறு மொழிகளில் வருகின்றன. ஆனால் 'பிரிப்பானைக் காணவில்லை' என்று மேலே நான் எழுதியது தமிழ்தானே, விளங்கியதா? மூலச் செய்தி நல்லதாக இருந்தால்தான் மொழிபெயர்ப்புக்கு வேலை இருக்கிறது. அதுவரை பிள்ளைகளுக்கு ஆங்கிலச் செய்தியில் வரி இலக்கத்தையும் கடைசி வரியையும் வாசிக்கப் பழக்குவதே உடனடிப் பயன் தரும்.

இன்னொன்றும் அவர்களால் முடியும். ரஸ்ட் திட்டத்தில் குழப்பமான செய்தியையே ஒரு குறைபாடாகப் பதிய தனிப் படிவம் இருக்கிறது. முக்கியமாகக் கேட்பவை இவை: எழுதிய செய்நிரல், வந்த செய்தி, எப்படி வந்திருந்தால் விளங்கியிருக்கும், ஏன். முதல் இரண்டையும் யாரும் பிரதி எடுத்து ஒட்டலாம். மூன்றாவதைச் சொல்ல ஆகப் பொருத்தமானவர், அதை வாசித்து விளங்காமல் போன பிள்ளை. அதை ஆங்கிலத்தில் எழுத நாலு வரி போதும். நாங்கள் பக்கத்தில் இருந்து உதவலாம்.