ஓர் அடைமொழியின் பெறுமதி

“ஈரலிற் கட்டி” என்று மருத்துவர் மொழிந்த அன்று, புற்றுநோயென்றே துணிந்து, மாணாக்கரிடம் விடைபெறவும் ஆயத்தமானேன். ஆராய்ந்தபின் அது தீங்கற்ற நீர்க்கட்டி எனத் தெளிந்தது.

இத்தகைய கட்டிகளுட் பெரும்பாலன துன்பஞ் செய்யா. அவற்றைத் தொடவும் வேண்டுவதில்லை. எனதோ வளர்ந்து இரைப்பையை நெருக்கி, உணவையும் உறக்கத்தையும் கெடுத்தது. “ஊசியால் நீரை வாங்கினாலென்ன?” என்றேன். “ஊற்றுள்ள கிணற்றை ஒருமுறை இறைத்தாற் போதுமா? கட்டியின் உட்சுவரே நீரைச் சுரக்கின்றது, மீண்டும் நிரம்பும்” என்றார் சத்திரசிகிச்சை நிபுணர்.

நாடாப்புழுவால் உண்டாகுங் கட்டியாயின் திறந்து சிந்தவிடுதல் ஆபத்து. ஆதலின் அஃதன்றென முன்னரே உறுதிசெய்தனர். பின்னர் வயிற்றிற் சிறு துளைகளிட்டு, காபனீரொட்சைட்டு வாயுவால் விரித்து, நோக்குக்குழாய் வழியே கண்டு, கட்டியின் கூரையை மட்டும் வெட்டியகற்றினர். இனிச் சுரக்கும் நீரை வயிற்றறைச் சவ்வே உறிஞ்சிக்கொள்ளும். 1901இல் கெல்லிங் நாயின் வயிற்றினுள்ளும், 1910இல் ஜேக்கோபியஸ் மனிதர் வயிற்றினுள்ளும் குழாய்வழி நோக்கியதன் வழிவந்தது இம்முறை.

மூன்று கிழமையில் வகுப்புக்கு மீண்டேன். அன்று அடைமொழி இலக்கணமே கற்பித்தேன். “நீர்” என்னும் அடையொன்று, இழந்த உயிரை எனக்கு மீட்டுத் தந்ததன்றோ! மாணாக்கரே, அடைமொழி கேளாது பெயருக்கு அஞ்சற்க.