கிண்ணியாவுக்கு ஒரு நார்ப்பாலம்

பனங்குற்றியை அறுத்த முகத்தைக் கிட்டப் பாருங்கள். ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள் நெருக்கியடித்து நிற்கும். உள்ளே போகப் போக ஐதாகி, நடுவில் வெளிறிய சோறுதான் மிஞ்சும். ஒவ்வொரு புள்ளியும் மரத்தின் நெடுக்குக்கு ஓடும் நார்க்கட்டு ஒன்றின் வெட்டுமுகம். தச்சர் சோற்றைக் கழித்துவிட்டு ஓரத்து வைரத்தில்தான் வளையும் சிலாகையும் எடுப்பார். காரணம் இருக்கிறது. காற்றில் மரம் வளையும்போது ஒரு பக்கம் இழுபடும், மறுபக்கம் நசிபடும், நடுப்பகுதிக்கு வேலை குறைவு. வேலை உள்ள இடத்தில் பனை நாரைக் குவித்து வைத்திருக்கிறது. இலங்கைப் போர்க்காலத்தில் பதுங்குகுழியின் கூரையில் மண்மூட்டைப் பாரத்தைத் தாங்கியதும் இந்த வைரம்தான். அதற்காகத் தறிபட்ட பனைகளை நினைத்தால் இன்றும் மனம் கனக்கிறது.

இழுவையைத் தாங்க நார், நாரோடு நாரைப் பிணைக்கப் பிசின்: கூட்டுப்பொருள் என்பது இவ்வளவுதான். மரத்தில் செலுலோசு நார், லிக்னின் பிசின். செலுலோசுப் படிகத்தின் விறைப்பு ஏறத்தாழ 140 கிகாபாஸ்கல், உருக்குக்கு 200. ஆனால் செலுலோசின் அடர்த்தி உருக்கினதில் ஐந்திலொன்றுதான். எடைக்கு எடை வைத்தால் வெல்வது செடி!

மனிதரும் இதைச் செய்து பார்த்துவிட்டார்கள். 2016இல் நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக வளாகத்தில் 14 மீற்றர் நடைபாலம் ஒன்று எழுந்தது. ஆளிச்செடி நாரும் ஹெம்ப் நாரும் பிசினில் தோய்ந்து அதன் ஓடாயின. உள்ளே, பனையின் சோறு போல, இலேசான நுரை. 2022இல் அதே நாட்டின் அல்மேரா நகரில் ஆளிநாரால் 15 மீற்றர் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. அதில் ஏறக்குறைய 100 உணரிகளைப் பொருத்தி, அது எப்படி அசைகிறது என்று கவனித்தார்கள். பிசினில் ஒரு பகுதிதான் தாவரத்திலிருந்து வந்தது என்பதையும் சொல்லவேண்டும்.

ஆக, பலம் பிரச்சினையல்ல. தண்ணீர்தான் முதல் எதிரி. செலுலோசு நீரை ஈர்க்கும். ஈரத்தில் நார் பருக்கும், வெயிலில் சுருங்கும். பிசின் அந்த அளவுக்கு அசையாது. மாறிமாறி இப்படி நடக்க, ஒட்டு விட்டுப்போகும், விட்ட கீறலால் இன்னும் நீர் இறங்கும், பிறகு பூஞ்சணம். அறுத்த முனையும் ஆணித்துளையும்தான் நீருக்குத் திறந்த வாசல்கள். அவற்றைப் பிசினால் அடைக்காவிட்டால் மற்றதெல்லாம் வீண். வெயிலின் ஊதாக்கடந்த கதிர் மேற்பரப்பை அரிக்கும். ஓயாத பாரம் வளையை மெல்ல மெல்லத் தொய்யவைக்கும்.

நமது தென்னந்தும்பு லிக்னின் மிகுந்தது, உப்புநீரில் இலகுவில் உக்காது. ஆனால் பாரம் ஏற்றினால் வெகுவாக நீளும். கயிற்றுக்கு அது பலம், பால வளைக்குப் பலவீனம்.

இனித் திருகோணமலைப் பக்கத்துக் கிண்ணியாவுக்கு வருவோம். 2009இல் திறந்த 396 மீற்றர் கிண்ணியாப் பாலம் பஸ்ஸும் லொறியும் ஓடுவது. அந்த வேலைக்கு நார் இன்னும் தயாரில்லை. வயல்வெளியில் வாய்க்கால் கடக்கும் சிறு நடைபாலம் வேறு கதை. கிண்ணியாவை ஒட்டிய கொட்டியாரக் குடாவின் உப்புக்காற்று கொங்கிறீற்றுக்குள் இருக்கும் கம்பியைத் துருவேற்றி, கொங்கிறீற்றைப் பிளக்கும்; நாருக்குத் துரு இல்லை. ஆனால் நெதர்லாந்துக் குளிரில் நின்ற பாலத்தை வைத்து, ஆடி வெயிலும் மார்கழி மழையும் மாறி அடிக்கும் கிண்ணியாவுக்குத் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் இருக்கிறது. அங்குள்ள பிள்ளைகள் மூன்று மீற்றர் வளை ஒன்றைச் செய்து, பாரம் ஏற்றி, கிண்ணியா வாய்க்கால் ஒன்றின்மேல் சில மாரிகள் கிடக்கவிட்டு, எவ்வளவு தொய்ந்தது என்று அளந்து சொல்லட்டும்.