முடிச்சு விழுந்த சிறுநீரகம்

உருப்பெருக்கியின் கீழ் உள்ள கண்ணாடித் தகட்டில், சாயமேற்றிய சிறுநீரகத் துணுக்கின் நடுவே செவ்வூதா நிறத்தில் உருண்டு திரண்டு தெரிபவை, 1936-ஆம் ஆண்டில் பால் கிம்மெல்ஸ்டீல், கிளிஃபோர்டு வில்சன் என்னும் வைத்திய அறிஞர் இருவர் விவரித்து, அவர்கள் பெயராலேயே இன்றளவும் வழங்கிவரும் நீரிழிவு முடிச்சுகளாகும்.

இவை படிந்திருக்கும் ஸ்தானம், ரத்தத்தை வடிகட்டும் நுண்குழாய்ச் சுருள். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் சுருள்கள் இருந்து, இரண்டிலுமாக நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடித்தெடுக்கின்றன. அதில் பெரும்பகுதி ரத்தத்திற்கே திரும்பிவிடுகிறது என்பது வேறு விஷயம்.

ரத்தத்தில் சர்க்கரை வருஷக்கணக்காக மிகுந்திருக்கும்போது, சுருளைத் தாங்கிநிற்கும் மெசாஞ்சியல் செல்களுக்குள் புகும் அச்சர்க்கரை, பல பாதைகளுள் ஒன்றாக, புரோட்டீன் கைனேஸ் சி என்னும் நொதியைத் தூண்ட, அது டி.ஜி.எஃப். பீட்டா என்னும் சமிக்ஞைப் புரதத்தைப் பெருக்க, அச்சமிக்ஞை செல்லின் உட்கருவரை சென்று, கொலாஜன் முதலிய நார்ப்பொருள்களை ஓயாது சுரக்கும்படி ஏவிவிடுகிறது; அவை சேர்ந்து திரண்டவையே இம்முடிச்சுகள். புண்ணை ஆற்றுவதற்கென்றே அமைந்த கட்டளை, புண்ணே இல்லாத இடத்தில் பிறப்பிக்கப்படுவதுதான் இதிலுள்ள விபரீதம்.

ஆஞ்சியோடென்சின் என்னும் ஹார்மோன், சுருளுக்குள் அழுத்தத்தை ஏற்றுவதோடு இச்சமிக்ஞையையும் வலுப்படுத்துகிறது; அது உண்டாவதைத் தடுக்கும் காப்டோபிரில் மருந்து, சிறுநீரகம் கெடும் வேகத்தைத் தணிக்கிறது என்பது 1993-இல் வெளிவந்த ஆய்வால் தெளிவாயிற்று.

தகட்டை மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஒப்புநோக்குவதற்காக, முடிச்சு விழாத சுருளொன்று ஓரத்தில் இருக்கிறது.