பழைய புத்தகத்தில் ஐஸ்கிரீம் மணம்

பழைய புத்தகம் கையில் கிடைத்தால் முதலில் படிப்பீர்களா, முகர்ந்து பார்ப்பீர்களா? நான் முகர்கிற கட்சி! அந்த வாசனை எங்கிருந்து வருகிறது தெரியுமா?

காகிதம் மரக்கூழில் இருந்து வருகிறது, இல்லையா? மரத்தை விறைப்பாக நிற்க வைக்கிற லிக்னின் என்ற பொருள், அந்தக் கூழிலும் கொஞ்சம் தங்கிவிடும். வெளிச்சமும் காற்றும் பட்டுப் பட்டு, வருஷக்கணக்கில் அது மெல்லச் சிதையும். தாள் பழுப்பேறுவதும் அதனால்தான். அப்படிச் சிதையும்போது கசிகிற மணங்களில் ஒன்று வெனிலின். ஆமாம், நம்ம வெனிலா ஐஸ்கிரீமில் மணக்கிற அதே வெனிலின்!

இது வெறும் மூக்கு சமாச்சாரம் இல்லை. லண்டன் ஆராய்ச்சியாளர்கள் 2009-ல், ஒரு துணுக்குக்கூடக் கிழிக்காமல், வாசனையை வைத்தே தாள் எவ்வளவு நலிந்திருக்கிறது என்று கணிக்க வழி சொன்னார்கள். நாடி பிடித்துப் பார்க்கிற மாதிரி!

கைபேசியில் ஒரு நூலகத்தையே வைத்துக்கொள்ளலாம், சௌகரியம்தான். மணம் மட்டும் அதில் தரவிறங்காது.

இன்றைக்கு உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கிற பழைய புத்தகம் ஒன்றைப் பிரித்து முகர்ந்து பாருங்கள். தூசியைத் தட்டிவிட்டுத்தான்! தும்மல் வந்தால் நான் பொறுப்பில்லை.