வீட்டுத் தோட்டத் தொட்டியில் கோல்டு ஃபிஷ்: வாங்கிய ஒரே மாசத்தில் செத்துப்போவது ஏன்? எப்படித் தடுக்கலாம்?

வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் இடம். அதில் ஒரு சிமென்ட் தொட்டி, நாலு அல்லிக் கொடி, தண்ணீருக்குள் ஆரஞ்சு நிறத்தில் பத்துப் பதினைந்து மீன்கள். பார்க்கவே மனசுக்கு இதமா இருக்கும். வீடியோக்களில் பார்த்துவிட்டுப் பலரும் இப்போது தோட்டத் தொட்டி கட்டுகிறார்கள். சென்னை கொளத்தூர் போன்ற வண்ணமீன் சந்தைகளில் தொட்டிக்காக மீன் வாங்க வருபவர்களும் உண்டு.

ஆனால் பல வீடுகளில் கதை ஒரே மாதிரிதான் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கி விடுகிறார்கள். முதல் வாரம் நன்றாக நீந்துகிறது. ரெண்டாவது வாரம் ஒன்று மிதக்கிறது. மாசம் முடிவதற்குள் பாதி காலி. "கடைக்காரர் நோய் மீனைத் தலையில கட்டிட்டார்" என்று முடிவு செய்துவிடுவார்கள்.

பெரும்பாலும் குறை மீனில் இல்லை, தண்ணீரில். தொட்டி தயாரான நாள் வேற, தண்ணி தயாரான நாள் வேற. இந்த வித்தியாசம் புரிந்தால் மீன் பிழைக்கும்.

புதுத் தண்ணீரில் என்ன நடக்கிறது?

மீன் தின்கிறது, கழிவை வெளியேற்றுகிறது. அந்தக் கழிவில் முக்கியமானது அம்மோனியா. அது பெரும்பாலும் செவுள் வழியாகவே தண்ணீரில் கலக்கிறது. தின்னாமல் மிச்சமாகும் தீனி அழுகினாலும் அம்மோனியாதான். இது மீனுக்கு நஞ்சு. கண்ணுக்குத் தெரியாது, தண்ணீர் கண்ணாடி மாதிரி சுத்தமாக இருக்கும்போதே அளவு எகிறியிருக்கும்.

பழைய குளத்தில் இந்தச் சிக்கல் வராது. கல்லிலும் சுவரிலும் ஃபில்டர் பஞ்சிலும் ஒட்டி வாழும் நல்ல பாக்டீரியாக்கள் அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும். வேறு வகை பாக்டீரியாக்கள் அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். நைட்ரைட்டும் ஆபத்தானதுதான். நைட்ரேட் அவ்வளவு மோசமில்லை, அதைச் செடிகள் உரமாக எடுத்துக்கொள்ளும்.

புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதுமான அளவில் இருக்காது. அவை பெருக சுமார் 4 முதல் 6 வாரங்கள் ஆகும். நம் ஊர் வெயிலில் சில நேரம் கொஞ்சம் சீக்கிரமே நடக்கும். அந்த இடைவெளியில் பத்து மீனை மொத்தமாக இறக்கினால் அவை தங்கள் கழிவிலேயே மூச்சுத் திணறிச் சாகின்றன.

அப்போ மீன் விடுவதற்கு முன் என்ன செய்யணும்?

முதலில் சிமென்ட். புது சிமென்ட்டிலிருந்து சுண்ணாம்பு கசிந்து தண்ணீரின் காரத்தன்மையை, அதாவது pH அளவை ஏற்றிவிடும். அம்மோனியா விஷயத்தில் இது இன்னும் ஆபத்து. pH 7-லிருந்து 8-க்கு ஏறினால், அதே அம்மோனியாவில் நஞ்சாக இருக்கும் பங்கு கிட்டத்தட்ட பத்து மடங்கு கூடும். அதனால் புதுத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சில நாள் ஊறவிட்டு, வடித்துவிட்டு மறுபடி நிரப்ப வேண்டும். ரெண்டு மூன்று வாரம் இப்படிச் செய்வது நல்லது. வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைப்பது மீன் வளர்ப்போரிடம் உள்ள பழைய வழக்கம்.

அடுத்து தண்ணீர். குழாயில் வரும் குடிநீரில் குளோரின் இருக்கும். அது மீனின் செவுளையும் அரிக்கும், நல்ல பாக்டீரியாவையும் கொல்லும். ஒன்றிரண்டு நாள் திறந்த தொட்டியில் வெயில் படும்படி வைத்தால் குளோரின் பெரும்பாலும் போய்விடும். அவசரம் என்றால் மீன் கடையில் கிடைக்கும் ஆன்ட்டி குளோரின் சொட்டு மருந்து போதும். போர் தண்ணீரில் குளோரின் இருக்காது, ஆனால் ஆக்சிஜன் குறைவாக இருக்கும். அதை உயரத்திலிருந்து ஊற்றி, ஒரு நாள் ஆறவிட்டுப் பயன்படுத்தலாம். நாக்கில் உப்புக் கரிக்கும் போர் தண்ணீரைத் தவிர்ப்பதே நல்லது.

பிறகு ஃபில்டரை ஓடவிட்டு, மீன் இல்லாமலேயே தினமும் ஒரு சிட்டிகை தீனி போட வேண்டும். அது அழுகி உண்டாகும் அம்மோனியாதான் பாக்டீரியாவுக்குச் சாப்பாடு. தெரிந்தவர் வீட்டில் நோயில்லாத பழைய தொட்டி இருந்தால், அதன் ஃபில்டர் பஞ்சில் ஒரு துண்டு வாங்கிப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். மீன் கடைகளில் அம்மோனியா டெஸ்ட் கிட் கிடைக்கிறது. அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் பூஜ்யம் காட்டினால் தண்ணீர் தயார்.

ஒரே ஒரு எச்சரிக்கை. மீன் இல்லாமல் ஒரு மாசம் தண்ணீர் நின்றால் கொசு சும்மா இருக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு சுத்தமான, தேங்கிய தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை பொரித்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். அதனால் அந்த நாட்களில் தொட்டியை இடைவெளி இல்லாமல் கொசு வலையால் மூடி வைக்க வேண்டும்.

எவ்வளவு பெரிய தொட்டி, எத்தனை மீன்?

கடையில் விரல் நீளத்தில் இருக்கும் கோல்டு ஃபிஷ் அப்படியே நின்றுவிடாது. இது கெண்டை மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. நல்ல இடம் கிடைத்தால் முக்கால் அடி, ஒரு அடி வரைகூட வளரும். பத்துப் பதினைந்து வருஷம் வாழ்வது சாதாரணம். இங்கிலாந்தில் 1956-ல் ஒரு திருவிழாவில் பரிசாகக் கிடைத்த 'டிஷ்' என்ற கோல்டு ஃபிஷ் 1999 வரை, 43 வருஷம் வாழ்ந்தது. "சின்ன மீன்தானே" என்று வாங்குவது உண்மையில் நீண்டகாலப் பொறுப்பு.

ஒரு கணக்கு பார்க்கலாம். 6 அடி நீளம், 4 அடி அகலம், இரண்டரை அடி ஆழத்தில் ஒரு தொட்டி கட்டினால் சுமார் 1,700 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். வளர்ந்த ஒரு மீனுக்கு 200 லிட்டர் என்று வைத்தால் எட்டு மீன். அவ்ளோதான். முதல் தடவை ரெண்டு மூணு மீனோடு ஆரம்பித்து, சில வாரம் கழித்து மற்றவற்றைச் சேர்ப்பது பாதுகாப்பு.

வகையும் முக்கியம். ஒல்லி உடம்பும் ஒற்றை வாலும் உள்ள சாதாரண கோல்டு ஃபிஷ், காமெட், ஷுபன்கின் போன்றவை வெளித் தொட்டிக்கு ஏற்றவை. உருண்டை உடம்பு ஒராண்டா, கண் பிதுங்கிய பிளாக் மூர், கண்ணுக்குக் கீழே பை தொங்கும் பபிள் ஐ ஆகியவை மெதுவாக நீந்தும், சரியாகப் பார்க்கவும் முடியாது. ஒற்றை வால் மீன்களோடு விட்டால் தீனிப் போட்டியில் தோற்றுவிடும். பறவைக்கும் சுலபமாகச் சிக்கும்.

கடையிலிருந்து கொண்டுவந்த பையை 15, 20 நிமிஷம் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாகத் தொட்டித் தண்ணீரைப் பைக்குள் சேர்த்து, பிறகு மீனை மட்டும் எடுத்து விட வேண்டும். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது. பின்னாளில் புது மீன் சேர்ப்பதாக இருந்தால் ரெண்டு வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பார்த்துவிட்டுச் சேர்ப்பது நல்லது.

மே மாத வெயிலை மீன் தாங்குமா?

கோல்டு ஃபிஷ் குளிரை விரும்பும் மீன். சீனாவில் ஆயிரம் வருஷத்துக்கும் முன்பிருந்தே வளர்க்கப்பட்டு வருகிறது. உறைந்த குளத்துக்கு அடியில் ஆக்சிஜனே இல்லாமல்கூட இதனால் பல நாள் தாக்குப்பிடிக்க முடியும். அப்போது உடலில் சேரும் அமிலத்தை ஆல்கஹாலாக மாற்றிச் செவுள் வழியே வெளியேற்றிவிடும். ஆனால் அந்தத் திறமை குளிருக்குத்தான் உதவும். நம் ஊர் வெயில் வேறு கதை.

தண்ணீர் சூடானால் அதில் ஆக்சிஜன் குறையும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் அது சுமார் ஏழரைதான். அதே சூட்டில் மீனுக்கு ஆக்சிஜன் தேவையோ கூடுகிறது. வரவு குறைந்து செலவு ஏறும் குடும்பம் மாதிரிதான் நிலைமை.

அதனால் தொட்டிக்குக் குறைந்தது இரண்டரை அடி ஆழம் வேண்டும். ஆழம் குறைந்த தொட்டி மதியத்துக்குள் வெந்நீராகிவிடும். பாதித் தொட்டிக்காவது நிழல் வேண்டும். நிழல்வலை கட்டலாம், அல்லி வளர்க்கலாம். வேப்ப மரத்துக்கு நேர் அடியில் தொட்டி கட்டினால் நிழல் கிடைக்கும், ஆனால் உதிரும் இலை அடியில் அழுகி மறுபடி அம்மோனியா. வலை போட்டால் சமாளிக்கலாம். சூடு தணியட்டும் என்று ஐஸ் கட்டிகளைக் கொட்டக் கூடாது. திடீர் மாற்றமே மீனைச் சாய்த்துவிடும்.

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவது ஏன்?

பசியால் அல்ல, மூச்சு முட்டுவதால். பகலில் பாசியும் செடியும் ஆக்சிஜனை வெளியிடும். ராத்திரியில் அவையும் ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். அதனால் விடியும் நேரத்தில் தொட்டியில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். ஃபில்டரும் ஏர் பம்பும் ராத்திரியில் கண்டிப்பாக ஓட வேண்டும். "கரண்ட் பில் ஏறும்" என்று ராத்திரி நிறுத்துவதுதான் பல வீடுகளில் நடக்கும் தப்பு. கரண்ட் போனால் வாளியில் தண்ணீர் மொண்டு உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினாலே ஓரளவு காற்று கலக்கும்.

பகலிலும் மீன் மேலேயே நின்றால், செவுள் சிவந்திருந்தால் அம்மோனியா அல்லது நைட்ரைட் ஏறியிருக்கலாம். தீனியை நிறுத்தி, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை குளோரின் நீக்கிய தண்ணீரால் மாற்றுவது முதலுதவி.

தீனி எவ்வளவு? சுத்தம் எப்படி?

கோல்டு ஃபிஷுக்கு இரைப்பையே கிடையாது. உணவு நேராகக் குடலுக்குப் போகிறது. அதனால் ஒரே நேரத்தில் நிறையப் போடுவது வீண். ரெண்டு நிமிஷத்தில் தின்று முடிக்கும் அளவு, நாளைக்கு ஒன்று அல்லது ரெண்டு தடவை. பழகிய மீன் ஆள் நிழலைப் பார்த்தாலே ஓடி வரும், அதற்காகப் பசி என்று அர்த்தமில்லை. கோயில் குளத்தில் போடுவது போல பொரி, பிரெட், மிச்ச இட்லி போடும் பழக்கம் வேண்டாம். கொசுப் புழுவையும் மீன்தான் தின்ன வேண்டும். வயிறு முட்டப் போட்டால் அதைத் தேடாது.

வாரம் ஒரு தடவை 10 முதல் 20 சதவீதம் தண்ணீரை மாற்றினால் போதும். மொத்தமாக வடித்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்துக் கழுவினால் ஒரு மாசமாக வளர்ந்த நல்ல பாக்டீரியாவும் போய்விடும். கணக்கு மறுபடி முதலிலிருந்து. ஃபில்டர் பஞ்சைக்கூட குழாய்த் தண்ணீரில் கழுவாமல், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் அலசுவதே சரி. தண்ணீர் கொஞ்சம் பச்சையாக இருப்பதால் மீனுக்குக் கெடுதல் இல்லை.

குழந்தைகள், பூனை, மழை: கவனிக்க வேண்டியவை

தொட்டியால் மீனைவிடப் பெரிய ஆபத்து குழந்தைகளுக்கு. தவழும், நடக்கப் பழகும் குழந்தை மூழ்க ஆழமான தண்ணீர் தேவையில்லை, சத்தமும் வராது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தாலும், வந்து போனாலும், எடை தாங்கும் கம்பி வலையை மேலே பொருத்த வேண்டும். அதே வலை பூனை, மீன்கொத்தி, மடையான் ஆகியவற்றிடமிருந்து மீனையும் காக்கும்.

அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் தொட்டியில் வழிந்தோடும் குழாய் வைத்து, அதன் வாயில் வலை கட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஒரு ராத்திரி மழையில் தொட்டி நிரம்பி, மீன் சாக்கடைக்கும் அங்கிருந்து ஏரிக்கும் போய்விடும்.

வளர்க்க முடியாவிட்டால் ஏரியில் விடலாமா?

கூடாது. "பாவம், உயிரோட இருக்கட்டும்" என்றுதான் பலரும் விடுகிறார்கள். அது ஏரிக்குச் செய்யும் பாவம். கோல்டு ஃபிஷ் அடிச் சேற்றைக் கிளறித் தின்னும், நீர்ச்செடிகளைப் பிடுங்கும், தண்ணீரைக் கலக்கும். உள்ளூர் மீன்களின் உணவிலும் பங்குக்கு வரும். அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் உள்ள பர்ன்ஸ்வில் நகர நிர்வாகம் 2021-ல், ஏரியில் பிடிபட்ட பெரிய பெரிய கோல்டு ஃபிஷ்களின் படத்தை வெளியிட்டு, வளர்ப்பு மீன்களை ஏரியில் விடாதீர்கள் என்று மக்களைக் கேட்டுக்கொண்டது.

நமக்கு அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. தொட்டிக் கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று வாங்கப்பட்ட சக்கர் மீன்கள் இன்று தமிழ்நாட்டு நீர்நிலைகளில் மீனவர் வலைகளில் சிக்குகின்றன. அவையும் யாரோ ஒருவர் வீட்டுத் தொட்டியிலிருந்து போனவைதான். வளர்க்க முடியவில்லை என்றால் மீன் கடையிலோ, தொட்டி வைத்திருக்கும் தெரிந்தவரிடமோ கொடுத்துவிடலாம். தொட்டியில் பெருகும் ஆகாயத்தாமரையையும் இதே காரணத்துக்காகக் குளத்தில் வீசக் கூடாது. காயவைத்து உரமாக்கலாம்.

தொட்டி கட்டி முடித்த அன்றைக்கே மீன் வாங்கப் போகணும் என்று வீட்டுப் பிள்ளைகள் அடம்பிடிக்கும். அந்த ஒரு மாசம் மட்டும் பொறுக்கச் சொல்ல வேண்டும். பொறுத்தால், இப்போது அடம்பிடிக்கும் பிள்ளை காலேஜ் போகும்போதும் அதே மீன் தொட்டியில் நீந்திக்கொண்டிருக்கலாம்.